பௌர்ணமிக்கு அறையைக் காலி செய்தவர்

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் அவருக்கு வீட்டு மேடம் என்று பெயர். வீட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவருக்குக் குடியிருக்க ஒரு வீடு இல்லை என்பதால் வந்த பெயர் அது. வைத்தவர் பொருளியல் துறையின் மூத்த ஆசிரியர். பட்டப்பெயர் வைப்பதைத் தவிர அவர் வேறு ஆராய்ச்சி எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. வீட்டு மேடத்துக்கு இதில் கோபம் கிடையாது. யாராவது அப்படிக் கூப்பிட்டால், "கெடச்சதும் சொல்றேன் சார்" என்று பதில் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்.

நான் தமிழ்த்துறையில் இருந்தேன். அவரைவிட எட்டுப் பத்து வயது மூத்தவள். நேரில் வா, போ என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் கை அவர் என்றே எழுதுகிறது. எழுதட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருவண்ணாமலை மாவட்டத் தலைநகராகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆபீஸ்கள் வந்தன, மாற்றலாகி ஆட்கள் வந்தார்கள், சொந்த வீடு வைத்திருந்தவர்கள் எல்லாம் மாடி எடுத்து வாடகைக்கு விட்டார்கள். கேட்டுக்குக் கேட் அட்டை தொங்கியது. 'டூலெட், பேமிலி மட்டும்' என்று ஒன்று, 'கவர்ன்மெண்ட் உத்தியோகம் மட்டும்' என்று ஒன்று, 'சைவம் மட்டும்' என்று ஒன்று. அவர் ஒவ்வொரு அட்டை முன்னாலும் நின்று நிதானமாகப் படிப்பார். கூடப் போகிற எனக்குக் கால் வலிக்கும். இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதுதான் ஜாஸ்தி என்பார்.

சிறு நகரங்களில் வாடகை வீடு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது அவருடைய ஆய்வு. சென்னையில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தார். வழக்கமாக இந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் கேள்வித்தாள் அச்சடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். அவரும் முதலில் அப்படித்தான் போயிருக்கிறார். யாருக்கு வேண்டுமானாலும் வீடு கொடுப்போம், சாதியெல்லாம் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி பதில் சொல்லி, காபியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதே தெருவில் அதே வீடுகளுக்குக் கேள்வித்தாள் இல்லாமல், எனக்கு வீடு வேண்டும் என்று போனபோதுதான் ஆராய்ச்சி ஆரம்பித்தது என்று என்னிடம் சொன்னார்.

"கேள்வித்தாளோட போனா எல்லாரும் நல்லவங்க அக்கா. வாடகைக்குக் கேட்டுக்கினு போனாதான் வீடு தெரியும்."

அது நடிப்பும் இல்லை. அவருக்கு நிஜமாகவே வீடு வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில், மேனேஜரின் மேஜைக்குப் பக்கத்து அறையை மாத வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். தனியாக இருக்கிற பொம்பளைக்கு லாட்ஜ் அறை எப்படிப்பட்ட இடம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவருடைய ஊர் செங்கத்துக்கு அந்தப் பக்கம், பகலில் எப்போதாவது ஒரு பஸ் போகும் ஊர். காலை வகுப்புக்கு அங்கிருந்து வர முடியாது.

முதல் தடவை அவருடன் வீடு பார்க்கப் போனதை மறக்க முடியாது. தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரம்மா எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கல்லூரி டீச்சர் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. எந்த ஊரும்மா என்று கேட்டார். இவர் ஊரைச் சொன்னார். அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி. எங்கள் மாவட்டத்தில் இதற்கு அர்த்தம் ஒன்றுதான். கிராமத்தில் ஊர் ஒரு பக்கம் இருக்கும், காலனி தள்ளி ஒரு பக்கம் இருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். வாய்விட்டுக் கேட்டோம் என்ற கெட்ட பெயரும் வராது. நான் வீடு தேடியபோது என்னிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஊர்ப் பக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே அதை மறந்துபோனேன். மறந்துபோகிற வசதி எனக்கு இருந்தது.

இவர் காபியைக் கீழே வைக்காமல், "காலனிங்க" என்றார்.

வீட்டுக்காரம்மாவின் சிரிப்பு குறையவில்லை. அதுதான் ஆச்சரியம். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் வீடு இல்லை என்பதை இப்படித்தான் சொல்வார்கள். கேட்கிறவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடவேண்டும், திரும்ப வரக்கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. இவர், "எப்ப வரட்டுங்க?" என்று கேட்டார். அந்தம்மா அடுத்த வாரம் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் அதே நேரத்துக்கு இவர் போய் நின்றார். நானும் போனேன், என்ன நடக்கிறது பார்ப்போம் என்ற ஆசைதான். "கேட்டீங்களா?" என்றார். இன்னும் வரவில்லை என்றார் வீட்டுக்காரம்மா. வீட்டுக்காரரின் செருப்பு வாசலில் இருந்தது, உள்ளே இருமல் சத்தமும் கேட்டது. இவர் சரிங்க என்று சொல்லிவிட்டு அதற்கடுத்த வாரம் போனார். பிறகும் போனார். கடைசியில் அந்த மனிதரே வெளியே வந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, குடுக்கறதா இல்லம்மா என்றார். இவர் ரொம்ப நன்றிங்க என்று கும்பிட்டுவிட்டு வந்தார். நான் தெருமுனை வரை திட்டிக்கொண்டே வந்தேன். அவர் பரீட்சை எழுதி முடித்தவர் போல நிம்மதியாக நடந்து வந்தார். இல்லை என்று சொல்லவேண்டியவர்கள் வாயைத் திறந்து சொல்லவேண்டும், அந்தச் சிரமத்தைக்கூட நாமே அவர்களுக்கு மிச்சம் பண்ணிக் கொடுக்கக் கூடாது என்றார்.

அவருடைய குணமே இதுதான். தன்னிடம் இருப்பதை மறைக்க மாட்டார். எதிரில் இருப்பவரையும் மறைக்க விட மாட்டார். அவரோடு பழகுவது சில நேரம் எனக்கே சங்கடமாக இருந்திருக்கிறது. நன்றாக இருக்கிறதா என்று நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து கேட்டால், இல்லை அக்கா, போன வாரம் கட்டியது நன்றாக இருந்தது என்பார். விளையாட்டுக்குக்கூட அவரிடமிருந்து ஒரு பொய்யைக் கறக்க முடியாது.

ஆசிரமப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒருமுறை போனோம். வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் வந்து தங்குகிற பகுதி அது. வீட்டுக்காரர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நாங்க வெள்ளக்காரங்களுக்குத்தான் விடுறது என்றார். அவர்களிடம் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பீர்களா என்று இவர் சாதாரணமாகக் கேட்டார். அந்த மனிதரும் சாதாரணமாகவே, "அவங்களப் போயி இன்னான்னு கேக்கறது?" என்றார். செங்கம் ரோட்டுக்கு வந்ததும் இவருக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. பஸ் வரும்வரை சிரித்தார்.

சென்னைப் பேராசிரியருக்கும் இவருக்கும் ஒரு வாக்கியத்தை வைத்து நடந்த சண்டையையும் சொல்லவேண்டும். இது என்ன ஆய்வு முறை, எப்படி இந்த வீடுகளைத் தேர்ந்தெடுத்தாய் என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். 'ஆய்வாளருக்கு வீடு தேவைப்பட்டது' என்று இவர் எழுதினார். அவர் சிவப்பு மையால் அதை அடித்தார். குலுக்கல் முறையில் எடுத்ததாக எழுது, எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். அடுத்த பிரதியில் அதே இடத்தில் அதே வாக்கியம் இருந்தது. மறுபடியும் அடித்தார், இவர் மறுபடியும் எழுதினார். பெரிய நகரத்தை எடுத்துக்கொள், திருவண்ணாமலையை எல்லாம் யார் படிப்பார்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். திருவண்ணாமலையில் வாடகைக்கு இருக்கிறவர்கள் படிப்பார்கள் சார் என்று இவர் சொன்னாராம். பல வருஷம் கழித்து ஆய்வேடு பைண்டு ஆகி வந்தபோது நான் முதலில் தேடிப் பார்த்தது அந்த வாக்கியத்தைத்தான். இருந்தது.

லாட்ஜுக்கு வருகிறேன். மற்ற நாளில் ஈ ஓட்டுகிற லாட்ஜ்கள் எல்லாம் பௌர்ணமிக்கு நிரம்பி வழியும் காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மலை சுற்ற ஜனங்கள் கொட்டுவார்கள். ஓர் இரவுக்கு அவர்கள் தருகிற வாடகையை நினைத்தால் மாத வாடகைக்காரர் மேனேஜர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். முதல் நாளே கதவைத் தட்டி, மேடம், பௌர்ணமி வருது என்பார். இவர் பெட்டியை மெத்தைகள் அடுக்குகிற அறையில் பூட்டிவிட்டு, ஆய்வுத் தாள்களையும் ஒரு போர்வையையும் தோள்பையில் போட்டுக்கொண்டு அறையைக் காலி செய்வார். ஊருக்குப் போகலாம் என்றால், அவர் ஊருக்குப் போகிற பஸ்ஸையும் அன்றைக்குப் பௌர்ணமி ஸ்பெஷல் என்று போர்டு மாட்டி வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

என் வீட்டுக்கு வா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். இரண்டே அறை, மாமியார், மாமனார், பிள்ளைகள் என்று நெரிசல்தான், ஆனாலும் மனசாரக் கூப்பிட்டேன். விருந்தாளியாகத் தங்கத் தனக்கு ஊரில் நிறைய வீடு இருக்கிறது, வாடகை கொடுத்துத் தங்கத்தான் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்தப் பிடிவாதத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆக, பௌர்ணமிதோறும் அவர் மலையைச் சுற்றினார். மெதுவாக நடந்து, அங்கங்கே உட்கார்ந்து எழுந்தால் விடிந்துவிடும், விடிந்ததும் நேராகக் கல்லூரிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு வகுப்பு எடுப்பார். தோளில் பையோடு தனியாக நடக்கிற பெண்ணை ஊரில் பலர் கவனித்திருக்கிறார்கள். மாதம் தவறாமல் கிரிவலம் போகிறார் என்று பேச்சு பரவிவிட்டது. எங்கள் கல்லூரிச் செயலாளர் பக்திமான். ஆசிரியர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால், இந்த வயசில் இப்படி ஒரு பக்தி யாருக்கு வரும், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று புகழ்ந்தார். அடுத்து சம்பள உயர்வைப் பற்றிப் பேசப்போகிற கூட்டம் அது. வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்து புகழை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இவர் எழுந்து நின்றார். "பக்தி இல்லங்க சார். லாட்ஜ்ல அன்னிக்கு ரூம் குடுக்கறதில்ல."

செயலாளர் அடுத்த விஷயத்துக்குப் போனார், சம்பள உயர்வு அந்த வருஷம் யாருக்கும் வரவில்லை. பொருளியல் ஆசிரியர் இவரால்தான் வரவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலை சுற்றுகிற பாதையில் அடி அண்ணாமலையில் ஒரு அம்மா பௌர்ணமிக்கு மோரும் சுண்டலும் விற்பார். விவசாயக் குடும்பம், கணவர் இறந்துபோனவர், ஐம்பது வயது இருக்கும். கொழுந்தனார் வீடு பக்கத்திலேயே இருந்தது. கடைக்குப் பின்னால் இந்த அம்மா பௌர்ணமி வருமானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. இவர் அந்தக் கடை பெஞ்சில்தான் மோர் குடித்துவிட்டு வெகுநேரம் உட்காருவார். அந்தம்மாவுக்கு இவரைக் கண்டால் அப்படி ஒரு பிரியம். மாசா மாசம் விடாமல் மலை சுற்றுகிற பெண், மூஞ்சியிலேயே களை தெரிகிறது என்று மற்றவர்களுக்குக் காட்டுவாராம். ஒரு பௌர்ணமியில், இரண்டு போர்ஷனில் ஒன்று பூசி முடித்தாகிவிட்டது, நல்ல மனுஷியாகப் பார்த்துக் குடிவைக்க வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். இவர் எனக்கு வீடு வேண்டும் என்றிருக்கிறார். உனக்கில்லாத வூடா, சனிக்கிழமை வந்து பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி கிடையாது.

சனிக்கிழமை நானும் போனேன். சின்ன வீடுதான். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, புதுச் சுண்ணாம்பு வாசனை. இவர் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து திறந்து மூடினார். அலமாரித் தட்டைக் கையால் தடவிப் பார்த்தார். அத்தனை வீடு பார்க்கக் கூடப் போயிருக்கிறேன், ஒரு வீட்டிலும் அவர் அப்படிச் செய்ததில்லை. இந்தப் பெண்ணுக்கு இந்த வீடு வேண்டும், ரொம்பவும் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், இன்றைக்கு ஒரு நாள் இவர் வாயைத் திறக்காமல் இருக்கட்டும் என்று. யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை, சும்மா இருந்தாலே போதும்.

அந்தம்மா சாவியை நீட்டினார். இவர் கையை நீட்டவில்லை.

"சாவி வாங்கறதுக்கு முன்ன ரெண்டு விஷயம் சொல்லணுங்க."

"சொல்லு கண்ணு."

"நான் வேண்டிக்கிட்டு மலை சுத்தல. பௌர்ணமிக்கு லாட்ஜ்ல ரூமக் காலி பண்ணச் சொல்லிடறாங்க. விடியற வரைக்கும் போக எடம் இல்ல, அதான் நடக்கறேன்."

அந்தம்மா சிரித்துவிட்டார். "நடக்க வெக்கறதே அவருதான். காரணம் இன்னாவா இருந்தா இன்னா?"

எனக்கு உயிர் வந்தது. போதும், இத்தோடு நிறுத்து என்று இவர் கையைப் பிடித்தேன். இவர் மெதுவாக என் கையை எடுத்துவிட்டார்.

"ரெண்டாவது, எங்க ஊர்ல எங்க வீடு காலனியில இருக்குதுங்க."

சாவி பிடித்திருந்த கை கீழே இறங்கியது. அந்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி முகம் வாடிப்போய் நின்றார்.

"நான் கேக்கவே இல்லியேம்மா. நீ ஏன் சொன்ன? சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்குக் குடுத்திருப்பேனே."

"அதுக்குத்தாங்க சொன்னேன்."

அந்தம்மாவும் கடைசியில் மற்றவர்கள் சொன்னதைத்தான் சொன்னார். கொழுந்தனாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இவரும் வழக்கம்போல, எப்ப வரட்டுங்க என்றார். பௌர்ணமிக்குத்தான் வருவாயே, அப்போது பார்க்கலாம் என்று அந்தம்மா உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் நான் பொரிந்து தள்ளினேன். ஒரே ஒரு நாள் வாயைக் கட்டியிருந்தால் இன்றைக்கு ராத்திரி நீ அந்த வீட்டில் படுத்திருக்கலாம், உன் நியாயத்தை வைத்துக்கொண்டு நட, நன்றாக நட என்றுகூடச் சொன்னேன். அவர் நின்றார். கண் சிவந்திருந்தது.

"அந்த வீடு எனக்குப் பிடிச்சிருந்துச்சு அக்கா. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா எங்கம்மா என்னப் பாக்க வந்தா, ஊர்ல எந்தப் பக்கம்னு அவங்களக் கேப்பாங்க. அப்ப எங்கம்மா பொய் சொல்லணும். வாடகையும் குடுத்துட்டு, ஒளிஞ்சும் இருக்க முடியாது."

அவர் அம்மா ஒருமுறை கல்லூரிக்கு வந்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். யாரிடமும் பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

அடுத்த பௌர்ணமி வந்தது. லாட்ஜ் அறையைக் காலி செய்துவிட்டு இவர் அதே பாதையில் நடந்து அதே பெஞ்சில் போய் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "கேட்டீங்களா?" என்றிருக்கிறார். கொழுந்தனார் வெளியூர் போயிருக்கிறார் என்றாராம் அந்தம்மா. அதற்கடுத்த பௌர்ணமிக்கு அவருக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த முறை அவர் ஏதோ கவலையில் இருக்கிறார். இல்லை என்றுதான் அர்த்தம், இன்னும் எதற்கு அங்கே போய் நிற்கிறாய் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இவருக்கு அதெல்லாம் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றுதானே சொன்னார்கள், இல்லை என்று சொல்லவில்லையே, பதில் வரும்வரை போகவேண்டியதுதான் என்றார். அந்தம்மா மோருக்குக் காசு வாங்காமல் தள்ளிவிட்டால், வைத்துவிட்டுத்தான் எழுவாராம். மழை கொட்டிய ஒரு பௌர்ணமிக்கும் போயிருக்கிறார். பையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவரைப் பார்த்து, உள்ளே வா என்று அந்தம்மாவால் கூப்பிடவும் முடியவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் சாக்குப் பையை எடுத்துக் கூரையிலிருந்து ஒழுகிய இடத்தில் செருகிவிட்டுப் போனாராம்.

ஆடிப் பௌர்ணமி. ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், அந்த மாதத்தில் வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது என்பார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டீங்களா என்று கேட்டிருக்கிறார். அந்தம்மா மோர்ப் பானையை மூடிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாராம். மறுநாள் காலை கல்லூரிக்கு வந்ததும் இவர் என்னிடம் வரி தப்பாமல் அப்படியே சொன்னார்.

"கேக்கல. கேக்கப் போறதும் இல்ல. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. நீ மாசா மாசம் கேட்டீங்களா, கேட்டீங்களானு வந்து குந்தறப்பதான் எனக்கே தெரிஞ்சுது, என் காசுல கட்டுன வூட்டுக்கு நான் ஏன் அந்த ஆளக் கேக்கணும்னு."

சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு வந்திருக்கவேண்டியதுதானே? இந்த மகராசிக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. தண்ணீர் பிடிக்க எனக்குத் தனியாக இடமோ நேரமோ சொல்வீர்களா என்று கேட்டிருக்கிறார். அந்தம்மாவுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"இருக்கறது ஒரே கொழா. நீயும் அதுல புடி, நானும் அதுல புடிக்கிறேன். சாவிய எடு."

ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக்கொள்ளலாம் என்று என் மாமியார் தொடங்கி எல்லோரும் சொன்னார்கள். இவர் அந்த வாரமே லாட்ஜைக் காலி செய்தார். ஒரு பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், புத்தகக் கட்டுகள், அவ்வளவுதான் சாமான். பாலை அவருடைய அம்மா வந்து காய்ச்சினார். வீட்டுக்காரம்மா வாசலோடு நின்றுவிட்டுப் பிறகு உள்ளே வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். நான் டம்ளர்களைக் கழுவச் சமையலறைப் பக்கம் போய்விட்டேன்.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட முடியாது. கொழுந்தனார் தெருவே கேட்கக் கத்தினார். அண்ணியும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். கொஞ்ச நாளில் அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது, அந்தம்மாவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பந்தலில் மேளம் அடிக்க, அந்தம்மா தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று இவர் சொன்னார். நான் காலி செய்துவிடட்டுமா என்று இவரே கேட்டிருக்கிறார். அதற்கு அந்தம்மா, சாதம் வடித்தாயா என்று மட்டும் கேட்டாராம்.

குடி போன பின் வந்த முதல் பௌர்ணமிக்கு நானும் என் கணவரும் மலை சுற்றப் போனோம். அவருக்கு ஏதோ வேண்டுதல். எனக்கு வேறு நினைப்பு, இப்போது லாட்ஜ் தொல்லை இல்லை, வீட்டு மேடத்தையும் கூட்டிக்கொண்டு நடக்கலாம் என்று. கிளம்பும்போதே ஒரு தூக்கில் புளியோதரை கட்டிக்கொண்டேன். அடி அண்ணாமலைக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. பாதை கொள்ளாத கூட்டம். வீட்டுக்காரம்மா கடையில் மோர் ஊற்றிக் கை ஓயாமல் நின்றார். பின்னால் வீட்டில் விளக்கு இல்லை. நான் போய்க் கதவைத் தட்டக் கை ஓங்கினேன்.

"தட்டாதீங்க டீச்சர்" என்றார் அந்தம்மா, கடையில் இருந்தபடியே. காலேஜிலிருந்து வந்ததும் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை, எழுப்ப வேண்டாம் என்றார்.

எத்தனை பௌர்ணமித் தூக்கம் பாக்கி இருந்ததோ. நான் தூக்கை அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டு மோர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது ஒரு கூட்டம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாளம் தட்டிக்கொண்டு, ஓங்கிய குரலில் அரோகரா போட்டுப் பாடிக்கொண்டு கடை முன்னால் நின்றார்கள். நிற்கிற கூட்டம் மோர் வாங்கும், அந்தம்மாவுக்கு அது தெரியும். இருந்தும் கரண்டியைப் பானைக்குள் போட்டுவிட்டு, பாதைக்கே இறங்கிப் போய், அவர்கள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அந்தாண்ட போய்ப் பாடுங்க சாமி. வூட்ல ஆளு தூங்குது."